கூட்டத்துக்குக் குரல் கொடுத்தவள்

என் மருமகளுக்குக் குரல் போய்விட்டது, அதனால்தான் சினிமா ஸ்டூடியோவில் கழித்துக் கட்டிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள், போன வாரம் தண்ணீர் லாரி நம் தெருவுக்குள் திரும்பாமல் நேரே போகப் பார்த்தபோது எங்கே இருந்தார்கள்? மூன்றாம் மாடியிலிருந்து அவள் "ஏய், நிறுத்து" என்று ஒரு சத்தம் போட்டாள். லாரி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் நின்றன. எதிர்க் கடை பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து நின்றார். போன குரலுக்கு இந்த வலு இருக்கிறது என்றால் இருக்கிற குரலை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன கிழித்தார்கள்? அந்தத் தண்ணீரில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டேதான் மாடிப்படியில் உட்கார்ந்து, பாவம், அவளுக்குக் குரல் போய்விட்டதாம் என்கிறார்கள்.

அது போகட்டும். நாட்டுப்பற்று இல்லை என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் கட்டடத்துச் சங்கச் செயலாளர், பெரிய மனிதர், லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினார்.

"பாட்டிம்மா, உங்க மருமகளுக்கு நாட்டு மேல பாசம் கம்மின்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லல. பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"பொதுவா ஜனங்க."

"ஜனங்க பொதுவா பேசினா அது அவ குரல்தான் தம்பி. வேற யாரு எப்படிப் பேசியிருக்க முடியும்?"

அவருக்குப் புரியவில்லை. லிஃப்ட் வந்தது, போய்விட்டார். நீங்கள் தியேட்டரில் கொடி ஏறும்போது "வாழ்க" என்று ஊரே முழங்குகிறதே, மயிர்க்கூச்செறிந்து கண் துடைத்துக்கொள்கிறீர்களே, அது இவளும் இவளோடு ஏழெட்டுப் பேரும் ஓர் அறைக்குள் நின்று போட்ட சத்தம். இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆயுசு முழுக்க நாட்டை வாழ்த்தினாலும் அவள் ஒரு நாள் காலையில் வாழ்த்தியதற்கு ஈடாகாது.

மாமியார்க்காரி மருமகளுக்குப் பரிந்து பேசுகிறாள், இதில் ஏதோ இருக்கிறது என்று மேல் வீட்டுக்காரி கிசுகிசுக்கிறாளாம். ஒன்றும் இல்லை. அவளோடு இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் சண்டை போட்டவள் நான். அவளைத் திட்டும் உரிமை எனக்கு இருக்கிறது. அதை நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு மத்தியானம் காய்காரர், பழைய பேப்பர்காரர், பால்காரர் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கீழே வாசலில் நின்றார்கள். இவள் உள்ளேயிருந்தபடி ஒருவரோடு பேரம், ஒருவரோடு வழக்கு, ஒருவரோடு விசாரிப்பு என்று மூன்று தொண்டையில் பேசிக்கொண்டிருந்தாள். தெருவில் போன ஒரு தடித்த மனிதர் நின்று கேட்டுவிட்டு மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

"உள்ள எத்தனை பேர்ம்மா இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான். ஏன்?"

"நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வாங்க" என்றார். அவர்தான் மேஸ்திரி. சினிமாவுக்குக் கூட்டத்தின் குரலை ஏற்பாடு செய்கிறவர். அன்றைக்கே அவர் வைத்த பேர் "கூட்டம்." பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் மகனை அவன் கூட்டாளிகள் "என்னப்பா, வீட்டுல கூட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வேலை என்னவென்றால், படத்தில் ஆயிரம் பேர் வாயைத் திறக்கிறார்கள். படம் பிடிக்கிற அன்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்று யார் கண்டது. சாப்பாடு எப்போது வரும் என்றுதான் கேட்டிருப்பார்கள். பிறகு ஒருநாள் சன்னல் இல்லாத ஓர் அறையில், மெத்தையை நிமிர்த்தி வைத்தாற்போன்ற பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே, இவர்கள் ஏழெட்டுப் பேர் திரையைப் பார்த்து நிற்பார்கள். அங்கே வாய் திறக்கும்போது இங்கே கத்த வேண்டும். மைக்கைப் பார்த்துக் கத்தினால் முன்வரிசை. சுவரைப் பார்த்துத் திரும்பிக் கத்தினால் பின்வரிசை. பெண்கள் ஆண் தொண்டையில், ஆண்கள் பெண் தொண்டையில் இன்னொரு முறை. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மக்கள். வெறும் வயிற்றோடு மட்டும் போகக் கூடாது, வயிறு இரைவதை மைக் பிடித்துவிடும். பஞ்சத்தைப் பற்றி ஒரு படம் வந்தபோது, எல்லாரும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

அவளோடு இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்ற ஒருவர். அவர் "புரட்சி ஓங்குக" என்றால் எத்தனையாவது நடைமேடையில் என்று கேட்கத் தோன்றும். கோரஸ் பாடிக்கொண்டிருந்த அக்கா தங்கை இருவர். இருமுவதற்கென்றே ஒருவர். கோர்ட்டு இருமல் வேறு, ஆஸ்பத்திரி இருமல் வேறு, மந்திரி வரும் முன் கூட்டத்தில் இருமுவது வேறு என்று அவர் விளக்கினால் நமக்கே தொண்டை கரகரக்கும்.

அவள் சேர்ந்த காலத்தில் நம் நாடு ஏழையாக இருந்தது. இப்போது மட்டும் என்னவாம் என்பான் என் மகன். நான் படத்தில் சொல்கிறேன். அப்போது கதாநாயகனுக்குச் சட்டை கிழிந்திருக்கும், அதுதான் அவனுக்கு அழகு. கூட்டம் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். மழை வேண்டும், நிலம் வேண்டும், நியாயம் வேண்டும். மருமகள் வீட்டுக்கு வரும்போது குரல் தேய்ந்து, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்க முடியாமல் சைகை காட்டுவாள். எங்கள் கட்டடத்துக்கு அப்போது "உழைப்பாளர் இல்லம்" என்று பேர். மேல் வீட்டுக்காரி புதிதாக வாங்கின ஃபிரிஜ்ஜை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள். ஏழையாக இருப்பது அவ்வளவு கௌரவம்.

அந்தக் காலத்தில்தான் அந்தப் படம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் சண்டை. அங்கிருந்து ஜனங்கள் தப்பி இக்கரைக்கு வருகிறார்கள். கொட்டுகிற மழை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஊர் வாசலில் தயங்கி நிற்கிறாள். ஊர்க்காரர்களும் தயங்கி நிற்கிறார்கள். அப்போது நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு வீட்டுக்காரி சொல்வாள்: "நனையாதீங்க, உள்ள வாங்க." அவ்வளவுதான். தியேட்டரே விம்மும். அந்த முதுகு நடிக்க வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாளுடையது. அவர் பேசினால் செய்தி வாசிப்பது போல் இருக்கிறது என்று படத்தை எடுத்த பெரிய டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். அப்போதுதான் சமையலை முடித்துவிட்டு வந்தவள் போல ஒரு குரல் வேண்டும் என்றாராம். என் மருமகள் நிஜமாகவே அப்போதுதான் சமையலை முடித்துவிட்டுப் போயிருந்தாள். மேஸ்திரி அவளைச் சுவரோரத்திலிருந்து மைக்குக்குத் தள்ளினார். தபால்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு அந்தச் சொல்லைப் பஸ்ஸில் எழுதினார்கள், தேர்தலில் பேசினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விழாவில் நடித்தார்கள். நம் நாடு எப்படிப்பட்ட நாடு என்று வெளியூர்க்காரர் கேட்டால் "நனையாதீங்க, உள்ள வாங்க"ன்னு சொல்ற நாடு என்பார்கள். முதுகு காட்டின அம்மாளுக்கு மாலையாக விழுந்தது. இவளுக்கு ஒன்றுமில்லை.

அதில் அவளுக்குக் குறை இருந்தது. இல்லை என்று நான் பூசி மெழுகப்போவதில்லை. எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசியில் பேர்கள் மேலே ஏறும்போது, எல்லாரும் எழுந்து போன பிறகும், கூட்டுகிறவர் விளக்குமாற்றோடு வரிசைக்குள் நுழைந்த பிறகும், அவள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு எழுத்துத் தெரியாது. அவள் வாய்க்குள்ளே படிப்பாள். விளக்குத் தூக்கினவர் பேர் வரும். தேநீர் கொடுத்தவர் பேர் வரும். பிற்பாடு ஒரு ராஜா படத்தில் குதிரையின் பேர் வந்தது. "குதிரைக்குக்கூடப் போட்டிருக்காங்க அத்தை" என்றாள். "அது கனைச்சிருக்கும்" என்றேன். "அந்தக் கனைப்பும் நான்தான்" என்றாள்.

காலம் ஒரே மாதிரி இருக்குமா? அடுத்து நாடு முன்னேறியது. பாலம், அணை, புகைபோக்கி. கூட்டம் கேட்பதை விட்டுவிட்டுக் கைதட்டத் தொடங்கியது. எத்தனை படத்தில் எத்தனை பாலம் திறந்து வைத்தாளோ, உள்ளங்கை சிவந்துபோய் வருவாள். நம் ஊர்ப் பாலம் மட்டும் பாதி ஆற்றில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. பிறகு கதாநாயகனுக்கே நாட்டின்மேல் கோபம் வந்து திருட ஆரம்பித்தான். அப்போது கூட்டத்துக்குப் பேச்சே கிடையாது, ஓட்டம்தான். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மூச்சு வாங்க வேண்டும். இரும்புக் கம்பிக் கதவு போடாத வீடு எங்கள் கட்டடத்தில் இல்லை என்றானது அந்தக் காலத்தில்தான். திருட ஒன்றும் இல்லை, ஆனாலும் போட்டோம்.

அப்புறம் வந்ததுதான் பனிக்காலம். எல்லாப் படமும் வெளிநாட்டுப் பனியில் ஆடியது. பெரிய பெரிய வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை படிக்கட்டு. யாரும் எந்த வேலைக்கும் போவதில்லை, விமான நிலையத்துக்கு மட்டும் போகிறார்கள். ஏழைகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "தெரியலம்மா, நானும் வேலையில்லாமதான் உக்காந்திருக்கேன்" என்றார். அந்த வருஷங்களில் கூட்டத்துக்கு வேலை என்பது கல்யாண வீட்டில் பின்னாலிருந்து மெல்லச் சிரிப்பது ஒன்றுதான், அதுவும் பணக்காரச் சிரிப்பு. இருமல்காரரை ஒருவரும் கூப்பிடவில்லை, பணக்காரர்கள் இருமுவதில்லையாம். எங்கள் கட்டடத்துப் பலகையை மாற்றி "ஸ்னோ வியூ" என்று எழுதினார்கள். மேல் வீட்டுக்காரி ஃபிரிஜ்ஜைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி வைத்தாள்.

இப்போது ராஜாக்கள் காலம். கோட்டை, வாள், மீசை. கூட்டத்துக்கு மறுபடி நல்ல வேலை. ஆனால் பழைய கூட்டம் மாதிரி அது எதையும் கேட்பதில்லை. மழை வேண்டாம், நிலம் வேண்டாம். ஒரு பக்கம் திரும்பி "வாழ்க" என்கிறது, இன்னொரு பக்கம் திரும்பி "வெட்டு" என்கிறது. பலகையில் இப்போது "வெற்றிக் கோட்டை" என்று இருக்கிறதாம், பேத்தி படித்துச் சொன்னாள். மொட்டைமாடித் தொட்டி ஒழுகுகிற கோட்டை. செயலாளர் மீசை வளர்த்தார். அது அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் கீழ்நோக்கியே வளர்ந்தது.

படம் மாறி நாடு மாறுகிறதா, நாடு மாறிப் படம் மாறுகிறதா என்று என்னைக் கேட்டால் நான் என்னத்தைக் கண்டேன். பலகை மாறும். பலகைக்குக் கீழே நிற்கிறவர்களின் மூஞ்சியும் கொஞ்சம் மாறும்.

இப்படியிருக்கும்போதுதான் மேஸ்திரி ஒரு மாலை, லிஃப்ட் ஓடாததால் மாடிப்படி ஏறி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கூடத்து நாற்காலியில் விழுந்தார்.

"கூட்டம், உனக்கு நல்ல காலம் பொறந்தாச்சு. பெரிய டைரக்டரோட பையன் அப்பா படத்தையே திரும்ப எடுக்கிறாரு. அந்த மழைக் காட்சிக்கு நீதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. உன் பேரு திரையில வரும். தனியா, ஒரு வரியில."

மருமகள் கையிலிருந்த தேநீரைக் கொடுக்க மறந்து தானே ஒரு வாய் குடித்துவிட்டாள்.

"இன்னும் கேளு. என் முட்டி போச்சு, இனிமே நின்னு வேலை பாக்க முடியாது. மேஸ்திரி வேலையும் உனக்கேன்னு சொல்லிட்டாங்க."

"அதே வசனம்தானே, மேஸ்திரி?"

"கொஞ்சம் மாத்தியிருக்காங்க."

"என்னன்னு?"

மேஸ்திரி சன்னல் பக்கம் பார்த்தார். "வெளிய போ."

"யாருகிட்ட?"

"அவங்ககிட்டதான். அக்கரைக்காரங்ககிட்ட."

கதை இப்போது வேறாம். அதே ஆறு, அதே மழை, அதே ஊர் வாசல். ஆனால் வருகிறவர்கள் வேவு பார்க்க வந்தவர்களாம். முதல் படத்தில் உள்ளே கூப்பிட்ட நாடு இந்தப் படத்தில் விழித்துக்கொண்டுவிட்டதாம். அதனால் அன்றைக்குக் கூப்பிட்ட அதே குரலே இன்றைக்கு விரட்ட வேண்டும், ஜனங்கள் அடையாளம் கண்டு கைதட்ட வேண்டும் என்பது சின்ன டைரக்டரின் யோசனை.

மேஸ்திரி போன பிறகு என் மகன்தான் ஆரம்பித்தான்.

"சினிமாதானே. போன மாசம் ஊரையே வெட்டுன்னு கத்திட்டு வந்து எங்களுக்குச் சோறு போடல?"

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஏதோ ராஜா காலத்து ஆளுங்க. இவங்களை நான்தானே உள்ள கூப்பிட்டேன்?"

"நீ எங்கே கூப்பிட்டே, படத்துல கூப்பிட்டாங்க."

"படத்துல யாரு கூப்பிட்டா?"

கடைசியில் அவளே, "பேரு வரும்ல" என்றாள். கேள்வி மாதிரியும் இருந்தது, ஆறுதல் மாதிரியும் இருந்தது. போகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

விஷயம் எப்படித்தான் கசிந்ததோ, இரண்டாம் நாளே செயலாளர் பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார். "வெற்றிக் கோட்டையின் வீரக் குரல்." பேத்தியிடம் இருந்த ஒரு போட்டோவை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் போட்டோவில் அவள் கரண்டியோடு அடுப்படியில் நிற்கிறாள். பேனரில் பார்த்தால் கரண்டியைக் காணோம், கையில் வாள். முகத்தில் மட்டும் குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கிற கவலை அப்படியே இருந்தது. இன்றைக்கு அவளைத் துரோகி என்கிறார்களே, எல்லாம் அந்தப் பேனர் வீணாய்ப்போன வயிற்றெரிச்சல்.

குரல் பதிவு செய்கிற அன்று நானும் போனேன். கிழவிக் குரல் கொடுக்கிற அம்மாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், ஒரே ஒரு சத்தம்தான், வாங்க அத்தை என்று கூட்டிப்போனாள். சின்ன டைரக்டர் மரியாதையான பிள்ளை. நாற்காலி போடச் சொன்னார்.

"பாட்டி, நீங்க ஒண்ணும் பேச வேணாம். த்தூன்னு துப்பினா போதும்."

"எங்கப்பா துப்புறது? கம்பளம் விரிச்சிருக்கே."

"சத்தம் மட்டும்தான் பாட்டி. அந்தப் பொண்ணைப் பாத்து."

திரையில் சத்தமில்லாமல் மழை பெய்தது. ஒரு பெண் தலையெல்லாம் நீர் வழிய, இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"அவ என்னப்பா பண்ணினா?"

"ஒற்றர், பாட்டி."

"இடுப்புல பிள்ளைய வச்சிக்கிட்டா?"

"அதுதான் பாட்டி கதையோட திருப்பமே."

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சரி, பாட்டியை அப்புறம் பார்க்கலாம் என்று மருமகளை மைக்குக்கு அழைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் கை காட்டினார். அவள், "வெளிய போங்க" என்றாள்.

"மரியாதை வேணாம்க்கா" என்றார் சின்ன டைரக்டர். "போ. அவ்வளவுதான்."

மறுபடி சொன்னாள். எங்கள் பேத்தியை, வீட்டைப் பெருக்க வேண்டும், கொஞ்சம் வெளியே போய் விளையாடு என்று சொல்வாளே, அந்த மாதிரி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பு.

"கோவம் வரணும்க்கா."

"வரலியே தம்பி."

"உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தரை நெனச்சுக்குங்க. ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சிருக்கிற கோவம் ஏதாவது இருக்கும்ல."

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பஞ்சை ஆராய்ந்தேன்.

"வெளிய போ."

அப்பா. எனக்கே எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கள் அடுப்படியில் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. இருமல்காரர் இருமலை விழுங்கினார். மேஸ்திரி கண்ணைத் துடைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்ய.

அதையே பல மடங்காக அடுக்கி, ஊரே அவள் குரலில் சொல்வதுபோலச் செய்து, படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார்கள். விளக்கு அணைந்தது. மழைச் சத்தம். ஊர் வாய் திறந்தது. பெண்கள், ஆண்கள், முதுகு காட்டி நின்றவள், எல்லார் வாயிலிருந்தும் என் மருமகள் "வெளிய போ" என்றாள். அந்தப் பெண் குழந்தையின் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுத் திரும்பி மழைக்குள் நடந்தாள். படம் அதோடு நின்றது.

"அடுத்து அவங்க எங்க போறாங்க தம்பி?"

"யாருக்கா?"

"அந்தப் பொண்ணு."

"எங்கயோ போறா. கதையில அவ வேலை முடிஞ்சிருச்சு."

அவள் திரையைக் கைகாட்டினாள். "இதை அழிச்சிருங்க" என்றாள்.

"என்னக்கா, பிரமாதமா வந்திருக்கு."

"அதனாலதான் தம்பி. நல்லா இல்லாட்டி நானே விட்டிருப்பேன்."

சின்ன டைரக்டர் நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னார். பேர் வருகிறது, தனி வரி, மேஸ்திரி வேலை, இது வெறும் கதை, நாடே பெருமைப்படும். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பேர் என்ற சொல் வந்தபோது தலை குனிந்தது. எனக்குத் தெரியும், அந்த வரி அவள் கண்ணுக்குள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஆசைதான். யாரு இல்லேன்னா? ஆனா இதுக்குப் போட வேணாம். உள்ள வாங்கன்னு சொன்னதுக்குப் போடாத பேரு, இதுக்கு எதுக்கு?"

"பதிஞ்சது பதிஞ்சதுதான்க்கா. அது கம்பெனியோடது. அழிக்க முடியாது" என்றார். முகம் மாறிவிட்டது. அடுத்தது கோட்டைக் காட்சி, எல்லாரும் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எல்லாரும் நின்றார்கள். அவளும் நின்றாள். ரயில்வேக்காரர் வாயைத் திறந்து "வாழ்க" என்று தொடங்கும்போது, பின்னால் ஒரு முணுமுணுப்பு. கூட்டம் தூரத்தில் சலசலப்பதற்கென்று இவர்கள் வைத்திருக்கும் சொற்கள் சில உண்டு. யாராம், எதுக்காம், எப்பவாம், எங்கயாம். அதைத்தான் இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலை ஏற்றவில்லை. கோபமும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, யாராம், எதுக்காம்.

"மறுபடி" என்றார் சின்ன டைரக்டர்.

யாராம், எதுக்காம், எப்பவாம்.

"அக்கா, வெளையாடாதீங்க. நிறுத்துங்க."

எங்கயாம், யாராம். ஒரு தொண்டை இப்போது மூன்றாகியிருந்தது. பிறகு ஐந்து. மேஸ்திரி கெஞ்சினார். ரயில்வேக்காரர் காதைப் பொத்தினார். நடுவே இருமல்காரருக்கு இருமல் வந்துவிட்டது. நிஜ இருமல் சார், மன்னிக்கணும் சார் என்று சொல்லிச் சொல்லி இருமினார். அதுவரை நான் கேட்டிராத ஓர் அந்தஸ்தில் இருந்தது அந்த இருமல்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவுக்காரர், "சார், இங்க ஒரு சந்தையே கூடியிருக்கு சார். ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

தேநீர் வந்து ஆறிப் போனது. அழிக்கிறவரை அவள் நிறுத்துவதாக இல்லை. கடைசியில் சின்ன டைரக்டர் கையை உதறினார்.

"அழிச்சுத் தொலைங்கப்பா."

முணுமுணுப்பு நின்றது. "போட்டுக் காட்டுங்க தம்பி" என்றாள். போட்டார்கள். மழை சத்தமில்லாமல் பெய்தது. ஊர் வாயைத் திறந்தது, மூடியது. அந்தப் பெண் எதற்கென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நடப்பதை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

"சந்தோஷமா?" என்றார் சின்ன டைரக்டர். "உங்களுக்குப் பதிலா இதைச் சொல்ல நூறு பேர் இருக்காங்க. இங்கயே இருக்காங்க. பேரும் போச்சு, வேலையும் போச்சு. இனிமே இந்த வாசப் பக்கம் வராதீங்க."

"சொல்லட்டும் தம்பி. என் வாய்க்கு மட்டும்தான் நான் ஜவாப்பு."

மேஸ்திரி அவள் கையைப் பிடித்தார். "கூட்டம், கொஞ்சம் பொறு. ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிரு. எத்தனை வருஷம்."

"முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க மேஸ்திரி. தரையில உக்காராதீங்க" என்றாள்.

அதற்குள் கோரஸ் அக்கா தங்கையில் இளையவளை மைக்குக்கு நகர்த்திவிட்டார்கள். அவள் என் மருமகளை நிமிர்ந்து பார்க்காமல் தண்ணீர் குடித்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது கதவைத் தொடக் கூடாது என்பது அந்த அறையில் முதல் சட்டம். தீப்பிடித்தாலும் விளக்கு அணைந்த பிறகுதான் ஓட வேண்டும் என்பார் மேஸ்திரி. சத்தம் வரும் என்று கழற்றி வைத்திருந்த வளையல்களை என் மருமகள் ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றினாள். இளையவள் "வெளிய" என்று ஆரம்பித்தாள். இவள் இரண்டு கையாலும் அந்தக் கனத்த கதவைத் தள்ளித் திறந்தாள்.

தெருவிலிருந்த அத்தனை ஹாரனும் உள்ளே வந்து விழுந்தது. யாரோ வெங்காயம் என்று கூவினார்கள். இளையவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கதவைச் சாத்துங்க" என்று சின்ன டைரக்டர் கத்தினார். சாத்துவதற்கு அவள் அங்கே இல்லை. நான் எழுந்து, த்தூ என்று ஒரு சத்தம் போட்டேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா போவானேன்; யாரைப் பார்த்து என்று கேட்காதீர்கள். பிறகு வெளியே வந்து அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, "நில்லுடி" என்று கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கினேன். அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன், ஒரு கால் செருப்பு என்னுடையது, இன்னொன்று இருமல்காரருடையது.